மாமி வீட்டு மெயில்கள் திரும்பி வந்த விதம்

பிள்ளைகளா, போன வாரம் என் பழைய போனில் இருந்த மெயில்களையெல்லாம் புதுப் போனுக்கு மாற்றிக் கொடுத்தீர்கள். நான் டீ குடித்து முடிப்பதற்குள் எல்லாம் வந்து உட்கார்ந்துவிட்டது. "அவ்ளோதாம்பா" என்று எழுந்து போய்விட்டீர்கள். நான் மட்டும் காலி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு அந்தத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். "இன்னாப்பா, எதுனா காணோமா?" என்று பெரியவள் திரும்பி வந்து கேட்டாள். ஒன்றும் காணாமல் போகவில்லை. எனக்கு மயிலாப்பூர் மாமியின் ஞாபகம் வந்துவிட்டது, அவ்வளவுதான். வாயால் சொன்னால் பாதியிலேயே யாருக்காவது போன் வந்துவிடும் என்பதால் எழுதி வைக்கிறேன். நான் படித்தது பத்தாவதும் அதற்கு மேல் ஐ.டி.ஐ.யும்தான். எழுத்து முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தொண்ணூறுகள் முடியப்போகிற நேரம். எனக்கும் உங்கள் அம்மாவுக்கும் அப்போதுதான் கல்யாணம் ஆகியிருந்தது. ஈக்காட்டுத்தாங்கலில் ஒரு பட்டறையில் கம்ப்யூட்டர் ரிப்பேர் வேலை பார்த்தேன். கம்ப்யூட்டர் வைத்திருக்கிற வீடே அன்றைக்கு அபூர்வம். அதில் மெயில் வைத்திருக்கிற வீடு அதைவிட அபூர்வம். போன் ஒயரிலிருந்து ஒரு கிளை இழுத்து மோடம் என்கிற பெட்டியில் சொருகினால், அது கொஞ்ச நேரம் கீச்சுக் கீச்சென்று கத்தும், பிறகு கரகரக்கும், அதற்குப் பிறகுதான் மெயில் இறங்கும். வந்த மெயில் இப்போது மாதிரி எங்கேயோ ஆகாயத்தில் இருக்காது. அந்த வீட்டு மெஷினுக்குள்ளேயே இருக்கும். மெஷின் போனால் மெயிலும் போச்சு.

ஒரு நாள் முதலாளி கூப்பிட்டார். "நைனா, மயிலாப்பூர்ல ஒரு பார்ட்டி கீறாங்க. பழைய மிஷினு இன்னிக்கோ நாளைக்கோன்னு இழுத்துக்கினு கீது. புச்சு எடுத்துக்கினாங்க. பழசுல கீற மெயிலையெல்லாம் புச்சுல கீற வேற மெயில் புரோகிராமுக்கு மாத்தணுமாம். போனமா, வந்தமான்னு இரு. காப்பி குடுத்தா குடி. கதை குடுத்தா குடிக்காத."

சித்திரைக்குளத்துக்குப் பக்கத்தில், மாடியில் வீடு. மாமி என்று ஊர் வழக்கப்படி சொல்கிறேனே தவிர அவருக்கு முப்பத்தைந்து வயதுகூட இருக்காது. வீட்டுக்கார சார் பேங்க் ஆபீசர். ஆறு வயதில் ஒரு பெண் குழந்தை. உள்ளே நுழைந்தவுடன் எனக்குச் செருப்பை எங்கே விடுவது என்றே தெரியவில்லை, வாசல்படி வரைக்கும் அப்படித் துடைத்து வைத்திருந்தார்கள். பெண் பார்க்க வருகிறவர்களுக்காகச் சுத்தம் செய்த வீடு மாதிரி இருந்தது. கம்ப்யூட்டர் மேல் போடுகிற துணியைக்கூடத் துவைத்து இஸ்திரி போட்டிருந்தார்கள்.

"வாங்கோ. நீங்க வரேள்னுதான் இவர் லீவு போட்டுண்டு கார்த்தாலேந்து ஆத்தையே புரட்டிப் போட்டிருக்கார்" என்றார் மாமி.

சார் பெருமையாகச் சிரித்தார். "வெளியில மட்டும் இல்ல. உள்ளயும் சுத்தம் பண்ணி வெச்சுட்டேன். உங்களுக்கு வேலை மிச்சம்."

மெஷினைத் திறந்து தூசு தட்டியிருப்பார் என்று நினைத்துக்கொண்டு நான் வேலையில் இறங்கினேன். இரண்டு மெஷினையும் ஒரு ஒயரால் இணைத்தேன். புதுப் புரோகிராம், பழைய மெயில் எங்கே இருக்கிறது என்று கேட்டது. காட்டினேன். நீலக் கோடு ஒன்று இடமிருந்து வலம் ஓடியது. எனக்கே ஆச்சரியம், அவ்வளவு சீக்கிரம் முடிந்துவிட்டது. குழந்தை பக்கத்தில் நின்றுகொண்டு, "அங்கிள், இது அதைச் சாப்ட்டுடுத்தா?" என்று கேட்டது. "ஆமா பாப்பா, முழுங்கிடுச்சு" என்றேன். "அதுக்கு அளந்து போட வேண்டாமா?" என்றது. குழந்தைப் பேச்சு என்று அப்போது சிரித்துவிட்டேன்.

மாமி சமையல்கட்டிலிருந்து கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். புதுத் திரையில் இன்பாக்ஸ் என்கிற வரவுப்பெட்டி இருந்தது. அதற்குள் அன்றைக்கு வந்த மெயில் சிலது. வேறொன்றும் இல்லை.

"தொட்டி எங்க?" என்றார்.

எனக்குப் புரியவில்லை. வேண்டாத மெயிலை அழித்தால் போய் விழுகிற குப்பைத் தொட்டியைத்தான் கேட்கிறார் என்று புரிந்தபோது, அதையும் திறந்து காட்டினேன். காலியாக இருந்தது. பழைய மெஷினில் பார்த்தோம். அங்கேயும் காலி.

"அது நான் பண்ணினதுதான்" என்றார் சார். "கார்த்தால பாக்கறேன், குப்பை ரொம்பி வழியறது. ஆள் வர நேரத்துல இப்படியா வெச்சுக்கறதுன்னு மொத்தமா கொட்டிட்டேன். ஏன்?"

மாமி எழுந்து உள்ளே போனார். குக்கர் அடுப்பை அணைத்த சத்தம் கேட்டது. திரும்பி வந்து அதே நாற்காலியில் உட்கார்ந்தார். 

"நாலு வருஷமா எல்லாம் அதுலதான் இருந்தது" என்றார்.

நடந்தது இதுதான். அந்த மெயில் சாருடைய பெயரில் இருந்தது. வரவுப்பெட்டி அவருடைய பேங்க் மேஜை மாதிரி சாயங்காலம் காலியாக இருக்க வேண்டும் என்பார். மாமி அவருக்கு வந்ததைத் தொடமாட்டார். தனக்கு வந்ததைப் படித்துவிட்டு அழிக்கிற பட்டனை அழுத்துவார். அது தொட்டிக்குள் போய் அப்படியே பத்திரமாக இருக்கும். வேண்டும்போது அங்கே போய் எடுத்துப் படிப்பார். குப்பை என்று பெயர் இருந்ததே மாமி என்று நான் கேட்டதற்கு அவர் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது: "ஆத்துல பழைய பேப்பர் அடுக்கி வெக்கறோமே, கடைக்காரன் வந்து தராசுல போடற வரைக்கும் அது நம்மளோடதுதானே?" நம் ஊர் வீடுகளில் எதையும் தூக்கி எறிவது கிடையாது, ஒதுக்கி வைப்பதுதான் உண்டு. அந்தப் புத்தியிலேயே அவர் அந்தத் தொட்டியையும் புரிந்துகொண்டிருந்தார். சாரோ, விருந்தாளி வருவதற்குள் வீட்டைப் பெருக்குகிற புத்தியில் அதைக் காலி செய்துவிட்டார். இரண்டு பேர் மேலும் எனக்குத் தப்பு சொல்லத் தோன்றவில்லை.

பிறகுதான் அந்தத் தொட்டியில் என்ன இருந்தது என்று தெரிந்தது. அந்தக் குழந்தைக்குப் பிறவியிலேயே ஒரு கோளாறு. நாம் தின்கிற பருப்பு, பால், தயிர் எல்லாவற்றிலும் இருக்கிற புரதத்தில் ஏதோ ஒன்றை அந்த உடம்பால் உடைக்க முடியாது. அது அப்படியே தேங்கி மூளையைக் கெடுத்துவிடும். ஒரு பிடி சோற்றைக்கூட அளந்துதான் போட வேண்டும். கைக்குழந்தையாக இருந்தபோதே ஒரு டாக்டர் சந்தேகப்பட்டுக் கண்டுபிடித்ததால் தப்பித்தது. ஆனால் ஜவ்வரிசி எவ்வளவு, மரவள்ளி மாவு எவ்வளவு, இட்லிக்குப் பதில் என்ன என்றெல்லாம் சொல்ல இங்கே யாரும் இல்லை. "நானும் உங்களோட சேந்துதாம்மா படிக்கறேன்" என்று அந்த டாக்டரே சொல்லிவிட்டாராம். குழந்தைக்கு இரண்டு வயதானபோதுதான் சார் வீட்டுக்கு மெயில் வசதி வந்தது. இதே கோளாறு உள்ள பிள்ளைகளைப் பெற்ற தாய்மார் உலகம் முழுக்க ஒரு குழுவாக இருந்தார்கள். ஒருத்தி எழுதினால் எல்லாருக்கும் போகும். மாமி அதில் சேர்ந்தார். அவர்கள் ரொட்டிக்கும் உருளைக்கிழங்குக்கும் போட்ட கணக்கையெல்லாம் வைத்துக்கொண்டு, வாழைக்காய்க்கும் சேப்பங்கிழங்குக்கும் இவர் போட்டுப் பார்த்தார். போட்டதை அவர்களுக்கு எழுதினார். அவர்கள் திருத்தினார்கள். தினப்படி சமையல் மாமிக்கு மனப்பாடம். ஆனால் குழந்தை வளர வளர அளவு மாறும். காய்ச்சல் வந்தால் எல்லாமே தலைகீழாக மாறும். அந்தக் கணக்கெல்லாம் தொட்டியில்தான் இருந்தது.

"கார்த்தாலேந்து மூக்கு ஒழுகறது இவளுக்கு" என்றார் மாமி, குழந்தையின் நெற்றியைத் தொட்டுக்கொண்டே. "ராத்திரி ஜுரம் வந்துடும். போன தடவை வந்தப்ப அதைத் தொறந்து வெச்சுண்டுதான் ஊட்டினேன்."

நான் பழைய மெஷினில் எனக்குத் தெரிந்த வித்தையெல்லாம் செய்து பார்த்தேன். முதலாளிக்குப் போன் போட்டு அவர் சொன்னதையும் செய்தேன். தொட்டியைக் கொட்டிய கையோடு அந்தப் புரோகிராம் இடத்தையும் இறுக்கிச் சுருக்கிவிட்டிருந்தது. கிழிந்த துண்டு துண்டாகச் சில எழுத்துகள் கிடைத்தன, சாம்பலில் கிடைக்கிற காகிதம் மாதிரி. "உட்டுடு நைனா. பூட்ச்சுன்னா பூட்ச்சுதான்" என்றார் முதலாளி. அனுப்பிய மெயிலுக்காவது நகல் இருக்குமா என்று தேடினேன். அந்தப் பழைய புரோகிராமுக்கு நகல் வைத்துக்கொள்ளச் சொல்லி யாரும் சொல்லித்தரவில்லை.

சார் நின்ற இடத்திலேயே நின்றார். "ஒரு வார்த்தை சொல்லியிருக்கப்படாதா நீ?" என்றார். கோபமே இல்லாத குரல் அது.

"நீங்க கொட்டுவேள்னு எனக்கென்ன ஜோசியமா தெரியும்?" என்றார் மாமி. அதற்கு மேல் அவர்கள் அதைப் பேசவில்லை. நான் அந்த வீட்டில் இருந்தவரைக்கும் பேசவில்லை.

மாமி என்னைப் பார்த்து, "இந்தப் புதுசுல ஒண்ணு எழுதி அனுப்பலாமா? வேலை செய்யுமோன்னோ?" என்று கேட்டார். மோடத்தைச் சொருகிக் கொடுத்தேன். ஒரு விரலால் ஆங்கிலத்தில் மெதுவாகத் தட்டினார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன், மற்றவர் கடிதத்தைப் பார்க்கக் கூடாது என்பது எங்கள் தொழில் பழக்கம். "பாருங்கோ, பரவால்ல. தப்பு இருந்தா சொல்லுங்கோ" என்றார். "நம்ம இங்கிலீசு பத்தாவதோட நின்னுபோச்சு மாமி" என்றேன். அந்தத் தாய்மார் குழுவுக்கு நான்கே வரிகள். என் மெயிலெல்லாம் அழிந்துபோய்விட்டது, குழந்தைக்குக் காய்ச்சல் வரும்போல இருக்கிறது, காய்ச்சலுக்கான அளவு யாரிடமாவது இருந்தால் அனுப்புங்கள் என்று எழுதியிருந்தார். அந்தப் புதுப் புரோகிராமிலிருந்து போன முதல் மெயில் அதுதான்.

மறுநாள் காலையில் பட்டறைக்குப் போன் வந்தது. முதலாளி எடுத்துப் பேசிவிட்டு என்னைப் பார்த்து வாயைக் கோணினார். "இன்னாடா பண்ணி வச்சிட்டு வந்த? மாமி பக்கத்து வூட்லேந்து பேசுது, பதறிக்கினு கீது. மிஷின்ல எதோ கோளாறாம். நிக்காம என்னவோ எறங்கிக்கினே கீதாம். போ, போய் நிறுத்திட்டு வா. கதை கேக்காதன்னு சொன்னேனா இல்லியா?"

பயந்துகொண்டேதான் போனேன். போய்ப் பார்த்தால் கோளாறு இல்லை. மெயில் இறங்கிக்கொண்டிருந்தது. கீழே ஓர் ஓரத்தில் எத்தனை பாக்கி என்று எண் காட்டும். அந்த எண் குறையக் குறைய மறுபடியும் ஏறியது. ஒன்று இறங்குவதற்குள் அங்கே நாலு வந்து நிற்கிறது. யாராவது ஹாலில் போனை எடுத்தால் லைன் அறுந்துவிடும். அதனால் சார் போன் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஒரு கையை ரிசீவர் மேலேயே வைத்திருந்தார். பேங்க்குக்குப் போகவில்லை. "யாரும் எடுக்கப்படாது, யாரும் எடுக்கப்படாது" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தார். அங்கே அவரையும் எங்களையும் தவிர எடுப்பதற்கு யாரும் இல்லை.

காய்ச்சலுக்கான அளவு முதல் மெயிலிலேயே வந்துவிட்டது. மாமி அதைப் பார்த்துக் கரைத்து ஊட்டியும் முடித்திருந்தார். குழந்தை சோபாவில் போர்த்திக்கொண்டு படுத்திருந்தது. அதற்குப் பிறகும் ஏன் இவ்வளவு வருகிறது என்றுதான் அவருக்குப் புரியவில்லை. நான் ஒன்றைத் திறந்தேன். கடுங்குளிர் தேசத்தில் ஏதோ ஒரு ஊரிலிருந்து ஒரு தாய். மாமி அவருக்கு எப்போதோ எழுதியதும், அவர் மாமிக்கு எழுதியதும், தேதி வாரியாக அடுக்கி அனுப்பியிருந்தார். அடுத்ததைத் திறந்தேன். வேறு தேசம், வேறு தாய், அதே மாதிரி. அவர்கள் எல்லாருமே வைத்திருந்தார்கள். அவரவர் குழந்தைக்காக, அவரவர் மெஷினில், மாமியின் வாழைக்காயையும் சேப்பங்கிழங்கையும், அது என்ன காய் என்றே தெரியாமல், பத்திரமாக வைத்திருந்தார்கள்.

பதில் மெயிலில் பழைய எழுத்துக்கு முன்னால் அம்பு மாதிரி ஒரு குறி வரும், நீங்கள் பார்த்திருப்பீர்கள். பதிலுக்குப் பதில் போனால் இரண்டு அம்பு, அப்புறம் மூன்று. மாமி எழுதிய வரிகள் அத்தனை அம்புகளோடு திரும்பி வந்துகொண்டிருந்தன. ஜவ்வரிசியைப் பற்றி அவர் எழுதிய ஒரு வரிக்கு முன்னால் வேலி மாதிரி வரிசையாக அம்புகள். அத்தனை கை மாறியிருக்கிறது. எத்தனை வீட்டு அடுப்பைப் பார்த்துவிட்டு வந்ததோ. மாமி திரையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். "இது நான் எழுதினதுதான். ஆனா இத்தனை பேர்ட்ட போச்சுன்னு எனக்குத் தெரியாதே" என்றார்.

 நான் அதுவரை மெஷினைப் பழுது பார்த்திருக்கிறேனே தவிர, அது எதற்காக இருக்கிறது என்று யோசித்ததில்லை. ஒயரை இணைத்துக் கோடு ஓட விட்டு நான் மாற்ற முடியாததை, முகம் தெரியாத தாய்மார்கள் ஆளுக்குக் கொஞ்சமாகத் தூக்கிக்கொண்டு வந்து இந்தப் புதுப் பெட்டிக்குள் இறக்கிவிட்டுப் போனார்கள். பெரிய கோயில் கோபுரத்தை அண்ணாந்து பார்க்கும்போது வருமே ஒரு அமைதி, அது அந்த இரைச்சல் மோடத்துக்குப் பக்கத்தில் எனக்கு வந்தது.

சாயங்காலம் போல எல்லாவற்றையும்விட நீளமாக ஒன்று வந்தது. அந்தக் குழுவிலேயே வயதான தாய் அனுப்பியது. மாமி அதை எனக்குத் தமிழில் சொல்லிக்கொண்டே படித்தார். அந்த அம்மாளின் மகனுக்கு வயது நாற்பது. அவன் பிறந்தபோது இந்தக் கோளாறை யாரும் சீக்கிரம் கண்டுபிடிக்கவில்லை. அளந்து ஊட்ட ஆரம்பிப்பதற்குள் மூளைக்கு ஆக வேண்டிய சேதம் ஆகிவிட்டது. அவனுக்கு இன்றைக்கும் பேச்சு கிடையாது. அவனுக்கு இனி இந்தக் கணக்கால் பெரிய பிரயோஜனம் இல்லை. ஆனாலும் குழுவில் யார் எழுதியதையும் அவர் ஒன்றைக்கூட விட்டதில்லை. நாலு வருஷத்து மெயிலையும் அனுப்பியிருந்தார். கடைசியில் இப்படி எழுதியிருந்தார்: அந்தக் காலத்தில் எங்கள் ஊரில் நர்ஸ்கள் வீடு வீடாக வந்து, குழந்தை நனைத்த துணியில் ஒரு மருந்தை ஒரு சொட்டு விட்டுப் பார்ப்பார்கள். பச்சையாக மாறினால் இந்தக் கோளாறு. என் வீட்டுக்கு அவர்கள் வரத் தொடங்கியது என் மகன் பிறந்து வெகு காலத்துக்குப் பிறகுதான்.

படித்து முடித்த மாமி மேலே போய் அதை முதல் வரியிலிருந்து மனதுக்குள் படித்தார். ஹாலில் இருந்து சார், "என்னாச்சு, லைன் போயிடுத்தா?" என்று கேட்டார்.

"இல்லே. நீங்க கையை எடுக்கலாம். எல்லாம் வந்துடுத்து" என்றார் மாமி.

சார் எழுந்து வந்து எங்களுக்குப் பின்னால் நின்றார். என்னிடம் மெதுவாக, "குப்பைன்னு பேர் இல்லாத எடமாப் பாத்து வையுங்கோ" என்றார். மாமிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த வீட்டில் அவர் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான். ஒரு புதுப் பெட்டி உண்டாக்கி, அதற்குக் குழந்தையின் பெயரையே வைத்து, எல்லாவற்றையும் அதற்குள் தள்ளிக் கொடுத்துவிட்டுக் கிளம்பினேன். குழந்தை போர்வைக்குள்ளிருந்து தலையை நீட்டி, "அங்கிள், வயிறு ரொம்பிடுத்தா அதுக்கு?" என்று கேட்டது. கேட்ட குரலில் தெம்பு வந்திருந்தது.

அதற்குப் பிறகு நான் அந்த வீட்டுக்குப் போகவில்லை. மெஷின் கெட்டால்தானே என்னைக் கூப்பிடுவார்கள். அந்தப் பெண்ணுக்கு இப்போது முப்பது வயதுக்கு மேல் ஆகியிருக்கும்.

பெரியவளே, அடுத்த வருஷம் நீ பிறந்தாய். இன்றைக்குக் கேட்டால் ஆஸ்பத்திரியிலேயே குழந்தையின் குதிகாலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்க்கிறார்கள். உங்களுக்குக் குழந்தை பிறந்தால் அதைக் கேட்டுச் செய்துகொள்ளுங்கள். அன்றைக்கு நான் பிரசவ வார்டில் கேட்டபோது, "குழந்தை நல்லாத்தானே அழுவுது, இன்னா வேணும் உனக்கு?" என்று நர்ஸ் விரட்டிவிட்டார். அந்த வயதான தாய் எழுதிய மருந்தின் பெயர் எனக்கு மறக்கவில்லை, ஏனென்றால் அது எங்கள் பட்டறையிலேயே இருந்தது. சர்க்யூட் போர்டில் வேண்டாத செம்பைக் கரைக்க நாங்கள் ஊற்றுகிற பெரிக் குளோரைடுதான் அது. உனக்கு இரண்டு மாதம் ஆனபோது, சின்ன மருந்துப் புட்டியில் கொஞ்சம் எடுத்துத் தண்ணீர் கலந்து, சட்டைப் பையில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன். உங்கள் அம்மாவிடம் சொல்லவில்லை. சொன்னால் பயந்திருப்பாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை. அம்மா குழாயடிக்குத் தண்ணீர் பிடிக்கப் போயிருந்தாள். நீ நனைத்த துணியை உருவி, உன்னை வேறு துணியில் சுற்றிப் படுக்க வைத்துவிட்டுப் பின்கட்டுக்கு வந்தேன். என் பழைய வேட்டியைக் கிழித்த துணி அது. துவைகல்லின் மேல் விரித்து ஒரு சொட்டு விட்டேன். துரு நிறத்தில் பரவியது. பச்சை வருகிறதா என்று குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். வெயில் கல்லின் மேல் ஏறியது. உள்ளே நீ அழ ஆரம்பித்தாய். துரு நிறம் துரு நிறமாகவே இருந்தது. மிச்சத்தைச் சாக்கடையில் ஊற்றித் தண்ணீர் விட்டுவிட்டு, அந்தத் துணியைக் கசக்கிப் பிழிந்து கொடியில் உலர்த்தினேன்.